கேட்டலும் சொல்வளமும் ஒரே பயிற்சியில்: ஆங்கிலத் தேர்வுக்குப் புதிதாகத் தயாராகிறவர்களுக்கு

கேட்டல் பகுதியின் மாதிரித் தேர்வை எழுதி முடித்த பிறகு, அந்த ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் தவறவிட்ட இடங்களில் பெரும்பாலும் கடினமான சொல் எதுவும் இருக்காது. 'ஷுட் ஹேவ்', 'அட் லீஸ்ட்', 'லாஸ்ட் வீக்' என்று பள்ளியிலேயே படித்த சொற்கள்தான் இருக்கும். கண்ணால் பார்த்தால் உடனே தெரிகிறது, காதில் விழும்போது மட்டும் பிடிபடவில்லை. கேட்டல் மதிப்பெண் ஏறாமல் நிற்பதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் உறுதியான கருத்து. நாம் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் அச்சில் படித்தே கற்றிருக்கிறோம். சொல்லின் எழுத்து நினைவில் இருக்கிறது, அதன் ஓசை இல்லை.

அதனால் ஒரு பக்கம் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு, இன்னொரு பக்கம் தேர்வு மேல் தேர்வாக எழுதிக்கொண்டிருந்தால் பலன் குறைவு. இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ விரும்புகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை வைத்துக்கொள்வோம். வேறு தேர்வு எழுதுகிறவர்களுக்கும் பயிற்சி இதேதான். பிடிஇ என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வில் கேட்ட வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்லும் கேள்வியே உண்டு என்பதால், கீழே வரும் மூன்றாம் படி அவர்களுக்கு நேரடியாகவே உதவும்.

முதல் படி: தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐஇஎல்டிஎஸ் கேட்டல் பகுதியில் 4 பிரிவுகள், மொத்தம் 40 கேள்விகள். ஒலிப்பதிவு சுமார் 30 நிமிடம் ஓடும். ஒருமுறைதான் கேட்க முடியும். இந்தத் தேர்வின் இரு வகைகளான அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் இரண்டுக்கும் கேட்டல் பகுதி ஒன்றே. முதல் பிரிவில் இருவர் அன்றாட விஷயம் ஒன்றைப் பேசுவார்கள்: அறை முன்பதிவு, பயிற்சி வகுப்பில் சேருவது மாதிரி. இரண்டாவதில் ஒருவர் மட்டும் ஓர் இடத்தைப் பற்றியோ ஏற்பாட்டைப் பற்றியோ பேசுவார். மூன்றாவது, மாணவர்களும் ஆசிரியரும் படிப்பைப் பற்றிப் பேசும் உரையாடல். நான்காவது கல்லூரி விரிவுரை. முதல் மூன்று பிரிவுகளிலும் நடுவில் சிறு இடைவெளி கிடைக்கும், விரிவுரையில் கிடைக்காது. கடைசிப் பத்துக் கேள்விகளில் பலர் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாளில் எழுதினால் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற 10 நிமிடம் தருவார்கள். கணினியில் எழுதினால் சரிபார்க்க 2 நிமிடம் மட்டும். மதிப்பெண் கணக்கு தோராயமாக இப்படி: 40-க்கு 16 சரியென்றால் பேண்ட் (தேர்வு முடிவைக் காட்டும் தர எண்) 5, 23 என்றால் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8. தாளுக்குத் தாள் இது சற்றே மாறும். 6-லிருந்து 7-க்குப் போக வேண்டும் என்றால் இன்னும் ஏழு கேள்விகள் சரியாக வேண்டும், அவ்வளவுதான். எந்த ஏழு என்று கண்டுபிடிப்பது அடுத்த படி.

இரண்டாம் படி: தவறுகளை வகை பிரியுங்கள்

தேர்வை நடத்தும் அமைப்புகளின் அதிகாரபூர்வத் தளங்களில் மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒன்றை நிறுத்தாமல், ஒரே மூச்சில் எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தவறான ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு காரணம் குறியுங்கள். காரணங்கள் நான்குதான்: (1) சொல்லே தெரியாது; (2) சொல் தெரியும், ஆனால் காதில் பிடிபடவில்லை; (3) எல்லாம் கேட்டது, ஆனால் சரியான விடை போலத் தோன்றித் திசைதிருப்பும் விடையை எழுதிவிட்டேன்; (4) சரியாகவே கேட்டேன், ஆனால் எழுத்துப்பிழை, அல்லது விடையில் இத்தனை சொல்தான் என்ற சொல் வரம்பை மீறிவிட்டேன்.

இந்தக் குறிப்பை எழுதாமல் அடுத்த தேர்வுக்குப் போக வேண்டாம். நான்கு காரணங்களுக்கும் மருந்து வேறு வேறு. எழுத்துப்பிழையால் ஐந்து மதிப்பெண் இழந்தவர் காதைக் குறை சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் பாட்காஸ்ட் கேட்பதில் பயனில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவது காரணமே அதிகம் வரும். அதனால் அதற்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம்.

மூன்றாம் படி: ஒரே ஒலிப்பதிவை ஆழமாகக் கேளுங்கள்

இரண்டு அல்லது மூன்று நிமிட ஒலிப்பதிவு போதும். எழுத்து வடிவம் கூடவே கிடைப்பது கட்டாயம். பிபிசி வெளியிடும் '6 மினிட் இங்கிலீஷ்', டெட் உரைகள் இரண்டிலும் அது உண்டு. மாதிரித் தேர்வின் ஒரு பிரிவையே எடுத்துக்கொண்டாலும் சரி.

முதலில் எழுத்தைப் பார்க்காமல் முழுதாகக் கேட்டு, யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அப்புறம் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுங்கள். ஒரு வாக்கியத்தை மூன்று நான்கு முறை கேட்கலாம். பிடிபடாத இடத்தை வெற்றிடமாக விடாமல், காதில் விழுந்த ஓசையைத் தமிழ் எழுத்திலாவது குறித்து வையுங்கள். அந்தக் குறிப்புதான் பிறகு மிகவும் பயன்படும். எழுதி முடித்ததும் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். வட்டமிட்ட இடங்களை மட்டும், எழுத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பக் கேளுங்கள். 'இது இப்படியா ஒலிக்கிறது!' என்று தோன்றும். தோன்ற வேண்டும். பிறகு எழுத்தை மூடிவிட்டு முழுதும் கேளுங்கள். கடைசியாக, பேசுகிறவரோடு ஒட்டியே, அரை நொடி பின்னால், அதே வேகத்தில் நீங்களும் சொல்லிப் பாருங்கள். வாயால் ஒருமுறை சொல்லிவிட்ட ஓசையைக் காது அடுத்த முறை எளிதில் கண்டுகொள்ளும்.

மூன்று நிமிட ஒலிப்பதிவுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். பேருந்தில் போகும்போது இரண்டு மணி நேரம் அரைக் கவனத்தோடு கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வட்டமிட்ட இடங்களில் என்ன இருக்கும்? சில வாரம் செய்தால் ஒரே மாதிரியான விஷயங்களே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

தமிழில் ஒவ்வோர் அசைக்கும் ஓரளவு சமமான நேரம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை மட்டும் நீண்டு தெளிவாக ஒலிக்கும், மற்றவை சுருங்கிவிடும். நாம் 'கம்ஃபர்ட்டபிள்' என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது அவர் 'கம்ஃப்டபிள்' என்று சொல்லி முடித்திருப்பார். 'வெஜிடபிள்' என்பது 'வெஜ்டபிள்' ஆகும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதலில், 'ஃபடாக்ரஃபி' என்பதில் இரண்டாவதில். இடம் மாறியதும் உயிரொலிகளே மாறிவிடுகின்றன.

சிறு சொற்கள் இதைவிட மோசமாகத் தேயும். 'அண்ட்' வெறும் 'ன்' ஆகும், 'டு' என்பது 'ட' ஆகும், 'குட் ஹேவ் பீன்' என்பது 'குடவ் பீன்' ஆகும். 'கேன்', 'கான்ட்' வேறுபாடு விடையையே தலைகீழாக்கக்கூடியது. இங்கே கடைசி 'ட்' ஒலியைத் தேடாதீர்கள், அது பல நேரம் கேட்காது. உயிரொலியைக் கவனியுங்கள். 'ஐ கன் கோ' என்று மெலிந்து ஓடினால் முடியும் என்று பொருள். அந்தச் சொல் அழுத்தமாக, முழு ஓசையோடு வந்தால் பெரும்பாலும் முடியாது என்று பொருள்.

சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. 'அவன் எங்கே' என்பதைப் பேச்சில் 'அவனெங்கே' என்றுதானே சொல்கிறோம். மெய்யில் முடியும் சொல்லை அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தால் ஆங்கிலத்திலும் அதே புணர்ச்சிதான்: 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாகக் கேட்கும். 'லாஸ்ட் வீக்' என்பதில் நடு 'ட்' விழுந்து 'லாஸ் வீக்' ஆகும். 'டிட் யூ' என்பது 'டிஜூ' ஆகும். பள்ளி இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் படித்தோமே, அதே கண்ணோட்டத்தில் இவற்றைக் குறித்து வைத்தால் வேகமாகப் பிடிபடும்.

இன்னொன்று, தமிழ் எழுத்து தரும் பழக்கம். க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் 'பென்' என்பதன் முதல் எழுத்தான 'பி'க்கும் (P) 'பாய்' என்பதன் முதல் எழுத்தான 'பி'க்கும் (B) காதில் வேறுபாடு தெரியாவிட்டால், முதல் பிரிவில் எழுத்து எழுத்தாகச் சொல்லும் பெயரிலேயே ஒரு மதிப்பெண் போய்விடும். பேசத் தெரிந்தவர்களும் வேகத்தில் இதில் சறுக்குகிறார்கள். ஒலி சற்றே மாறும் சொல் இணைகளை அகராதித் தளத்தில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பழகுங்கள்.

எண்கள், எழுத்துகள், உச்சரிப்புகள்

இதற்குத் தனியாகத் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சொல்வளமே தேவைப்படாத மதிப்பெண்கள் இவை. 'தர்ட்டீன்' என்பதில் பின்பகுதி நீண்டு 'ன்' என்று முடியும், 'தர்ட்டி' குறுகி முடியும். 14, 40, 15, 50, 16, 60 எல்லாவற்றுக்கும் இதேதான். தொலைபேசி எண்ணில் பூஜ்யத்தை 'ஓ' என்பார்கள், 44 என்பதை 'டபுள் ஃபோர்' என்பார்கள். எழுத்துகளில் 'ஜி', 'ஜே' குழப்பமும் 'ஏ', 'ஈ', 'ஐ' குழப்பமும் அதிகம். கடைசி எழுத்தை பிரிட்டிஷ்காரர் 'ஸெட்' என்பார், அமெரிக்கர் 'ஸீ' என்பார். இணைய முகவரியில் வரும் 'டாட்', 'ஹைஃபன்', 'ஸ்லாஷ்', 'அண்டர்ஸ்கோர்' ஆகியவையும் காதுக்குப் பழகியிருக்க வேண்டும்.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, அமெரிக்க, கனடிய உச்சரிப்புகள் எல்லாம் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் வரலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அடையாளங்கள் தெரிந்தாலே போதும். பொதுவான பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பில் 'கார்' என்பதன் 'ர்' தனியாக வந்தால் ஒலிக்காது. அமெரிக்க உச்சரிப்பில் அது உருண்டு ஒலிக்கும், 'வாட்டர்' என்பது 'வாடர்' போல மென்மையாகும். ஆஸ்திரேலியரின் 'டே' நம் காதுக்கு 'டை' போலக் கேட்கும். ஓர் உச்சரிப்பிலேயே தங்கிவிடாமல் வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள்.

நான்காம் படி: கேட்டதிலிருந்தே சொற்களை எடுங்கள்

ஆங்கிலத்தில் எத்தனை சொல் தெரிய வேண்டும் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பேச்சில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க 6000 முதல் 7000 சொற்குடும்பங்கள் வேண்டும். ஆனால் ஏறத்தாழ 3000 குடும்பங்களே 95 சதவீதத்தை எட்டிவிடுகின்றன. ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம். பட்டம் படித்தவர்கள் பலருக்கு அந்த 3000 கண்ணளவில் ஏற்கெனவே தெரியும். அவற்றைக் காதளவிலும் கொண்டுவருவதுதான் முதல் வேலை. அரிய சொற்களின் பட்டியலைத் தேடி ஓடுவது அதற்குப் பிறகு.

விரிவுரைப் பிரிவுக்கு மட்டும் ஒரு பட்டியல் உதவும். ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் உருவாக்கிய அகாடமிக் வேர்ட் லிஸ்ட், 570 சொற்குடும்பங்கள் கொண்டது. கல்வி நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கு இதில் அடங்கும். எழுத்து நூல்களிலிருந்து தொகுத்தது என்பதால், ஒவ்வொரு சொல்லையும் ஒலி கொடுத்துக் கேட்டே படியுங்கள்.

மற்றபடி, உங்கள் சொற்கள் நீங்கள் சிவப்பு வட்டமிட்ட இடங்களிலிருந்தே வரட்டும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து போதும். சொல்லும் தமிழ்ப் பொருளும் மட்டும் எழுதிய நோட்டு தேர்வில் கைகொடுக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் அது வந்த முழு வாக்கியம், அழுத்தம் விழும் அசை, வழக்கமாக அதோடு சேர்ந்து வரும் சொல், அதே பொருளைச் சொல்லும் வேறு இரண்டு தொடர்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். 'ரிசர்ச்' என்று எழுதாமல் 'கண்டக்ட் ரிசர்ச்' என்று எழுதுங்கள், 'டெட்லைன்' என்று எழுதாமல் 'மீட் எ டெட்லைன்'.

வேறு தொடர்களை எழுதச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. கேள்வித்தாளில் இருக்கும் சொல் ஒலிப்பதிவில் அப்படியே வருவது அபூர்வம். தாளில் 'சீப்' என்று இருந்தால் பேசுகிறவர் 'அஃபோர்டபிள்' என்பார், அல்லது 'நாட் டூ எக்ஸ்பென்சிவ்' என்பார். 'இன்க்ரீஸ்' என்று இருந்தால் 'வென்ட் அப்', 'ரோஸ்', 'க்ரூ' என்று எதுவும் வரலாம். 'காம்பல்சரி' என்பது 'யூ ஹேவ் டு' என்று மிகச் சாதாரணமாக வந்து போய்விடும். இந்த மாற்றுத் தொடர்களைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் கேட்டல் தேர்வுக்கான சொல்வளம். எழுத்து, பேச்சுத் தேர்வுகளிலும் இதே சேமிப்பு உதவும்.

திருப்பிப் பார்க்காவிட்டால் எல்லாம் போய்விடும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போங்கள். ஆங்கி போன்ற நினைவு அட்டைச் செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அட்டையின் முன்பக்கத்தில் எழுத்தை வைக்காமல் ஒலியை மட்டும் வையுங்கள். கேட்டு, எழுத்துப்பிழையின்றி எழுதி, பொருள் சொல்ல முடிந்தால்தான் அந்தச் சொல் தேறியதாகக் கணக்கு. சிறு மாற்றம்தான், ஆனால் இந்த முறை முழுவதிலும் ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

எழுத்துப்பிழை, சொல் வரம்பு

சரியாகக் கேட்டும் தவறாக எழுதினால் மதிப்பெண் இல்லை. அடிக்கடி தவறும் சில: 'அக்காமடேஷன்' என்பதில் சி இரண்டு, எம் இரண்டு. 'கமிட்டி' என்பதில் எம், டி (T), ஈ மூன்றும் இரட்டை. 'நெசசரி'க்கு ஒரு சி, இரண்டு எஸ். 'கவர்ன்மென்ட்', 'என்விரான்மென்ட்' இரண்டிலும் எம்முக்கு முன்னால் காதில் சரியாக விழாத ஒரு என் இருக்கிறது. 'வென்ஸ்டே'யின் நடுவில் ஒலிக்காத டி (D). பிரிட்டிஷ் எழுத்துமுறை, அமெரிக்க எழுத்துமுறை இரண்டும் ஏற்கப்படும். எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதினாலும் குற்றமில்லை.

'இரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம்' என்று தாளில் இருந்தால், மூன்றாவதாக ஒரு 'தி' சேர்த்தாலும் விடை தவறு. ஹைஃபன் போட்டு இணைத்த சொல் ஒரே சொல்லாக எண்ணப்படும்.

ஐந்தாம் படி: தேர்வு உத்திகள்

உத்திகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், காது பழகாதவருக்கு உத்தி எதுவும் உதவாது என்பதே. காது ஓரளவு பழகிய பிறகு இவை உண்மையிலேயே மதிப்பெண் தரும்.

ஒலிப்பதிவு தொடங்கும் முன் கிடைக்கும் நேரத்தில் கேள்விகளைப் படித்து, ஒவ்வொரு வெற்றிடத்திலும் எந்த வகைச் சொல் வரும் என்று ஊகியுங்கள்: எண்ணா, பெயரா, பன்மையா, வினையா? எழுதும்போது கண் எப்போதும் இரண்டு கேள்விகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், இப்போதையதும் அடுத்ததும். விடைகள் கேள்வி வரிசையிலேயே வரும். ஒன்றைத் தவறவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் உடனே அடுத்ததற்குப் போங்கள். ஒரு விடையைத் தேடி மூன்றை இழப்பது அப்படித்தான் நடக்கிறது.

திசைதிருப்பும் விடை அநேகமாக முதலில் வரும். வகுப்பு எந்த நாள் என்பது கேள்வி. ஒருவர் 'செவ்வாய் வரலாமா?' என்பார். மற்றவர் 'செவ்வாய் இடமில்லை, புதன் என்றால் சேர்த்துக்கொள்ளலாம்' என்பார். செவ்வாய் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர் புதனைக் கேட்கவே மாட்டார். 'ஆக்சுவலி', 'அன்ஃபார்சுனேட்லி', 'இன்ஸ்டெட்', 'நோ, சாரி' இவற்றில் ஏதாவது காதில் விழுந்தால், இப்போது எழுதியது மாறப்போகிறது என்று எச்சரிக்கையாக இருங்கள். விரிவுரையில் 'ஹவ்எவர்' கருத்து திரும்புவதையும், 'மூவிங் ஆன் டு' அடுத்த பகுதி தொடங்குவதையும் காட்டும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால் இந்தத் தொடர்களே உங்களைச் சரியான கேள்விக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வரைபடக் கேள்விகளுக்கு 'ஆப்போசிட்', 'நெக்ஸ்ட் டு', 'பியாண்ட்' போன்ற இடச் சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகுங்கள்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது

வாரத்தில் நான்கு நாள் மூன்றாம் படியின் ஆழமான கேட்டல். தினமும் இருபது நிமிடம் அட்டைகள், ஐந்து நிமிடம் எண்களும் எழுத்துகளும். வாரக் கடைசியில் ஒரு முழு மாதிரித் தேர்வு, அதை எழுதிய அளவு நேரம் தவறுகளை வகை பிரிப்பதற்கு. மீதி நேரத்தில் பிடித்ததை எதையும் கேளுங்கள், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முதல் மூன்று நான்கு வாரம் மதிப்பெண் அசையாமலே இருக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது சிவப்பு வட்டங்களின் எண்ணிக்கையை. அது குறைந்துகொண்டே வந்தால் பயிற்சி வேலை செய்கிறது.

கடைசி இரண்டு வாரம் புதிய சொற்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், அது தாளா கணினியா என்பதற்கேற்ப எழுதிப் பழகுங்கள். நடுவில் நிறுத்தவே கூடாது. கணினியில் எழுதுகிறவர்கள் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யப் பழகியிருக்க வேண்டும், பிறகு மாற்றி எழுத அவர்களுக்கு நேரம் இல்லை. முடிந்ததும் பன்மை 'எஸ்' விட்டுப்போயிருக்கிறதா, சொல் வரம்பு சரியா என்று மட்டும் பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், தெரியாத கேள்விக்கும் ஓர் ஊகத்தையாவது எழுதிவிடுங்கள்.